எங்கே இருக்கப் போகிறீர்கள்?

ஜனவரி 6, திங்கள்

இந்த ஆண்டு டைரியின் தாள் மட்டம். மை மறுபக்கம் தெரிகிறது. கடைக்காரரிடம் சொன்னதற்கு, "இப்பல்லாம் யாரு மேடம் டைரி எழுதுறாங்க?" என்றார். நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் சுபத்ராவின் அலுவலகத்தில் ஆறு புதிய அழைப்புகளுக்குக் குரல் கொடுத்தேன். ஆறும் ஒரே தடவையில் அமைந்தன. வெளியூர்ப் போன்களை இணைக்கும் திருச்சி ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்ற தொண்டை. எழுபத்திரண்டு வயதிலும் பிசிறு கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்தது, வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்காதே என்று. இன்றுவரை விழுங்கியதில்லை.

என் மகளின் தொழிலை ஒரு பத்தியில் எழுதி வைக்கிறேன். பெங்களூரில் பெரிய மென்பொருள் கம்பெனியில் இருந்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்து 'உடனிரு' என்று ஒரு கம்பெனி தொடங்கினாள். பெயர் கட்டளை போடுவது போல இருக்கிறது என்றேன், மாற்றவில்லை. கர்ப்பிணிப் பெண்ணின் போனுக்கு வாரம் ஒருமுறை அழைப்பு போகும். அந்த வாரம் செய்ய வேண்டியதைக் குரல் சொல்லும். பிறகு கேட்கும்: தலைவலி இருக்கிறதா, முகம் வீங்குகிறதா, குழந்தை அசைகிறதா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. பதிலில் ஆபத்து தெரிந்தால் அந்த ஊர்ச் செவிலியருக்கு உடனே செய்தி போகும். வீட்டு ஆண்களுக்கு என்று தனிச் செயலியும் உண்டு. இப்போது நானூறு பெண்களோடு சோதனை ஓட்டம். பிப்ரவரி கடைசியில் ஓர் அறக்கட்டளை தன் முடிவைச் சொல்லும். சரி என்றால் மூன்று மாவட்டங்கள். இல்லை என்றால் மார்ச்சோடு கதவைச் சாத்திவிட்டு, மாப்பிள்ளையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அவள் பெங்களூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

புது அழைப்பு எதுவானாலும் முதலில் சோதனை போனுக்குத்தான் போகும். பழைய பட்டன் போன். சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். இன்றைய ஆறையும் அதில் கேட்டேன். நன்று.

அழைப்பு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பெண்கள் போனை வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் அக்டோபரில் அவள் எழுதிய கேள்விகளில் நான்கை நான் அடித்தேன். மூன்றுக்குச் சண்டை போட்டாள். "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு எப்போது போகப் போகிறீர்கள்?" என்ற நான்காவதுக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. மருத்துவச் சேவைக்கு வீட்டு விசாரிப்பு எதற்கு? நல்ல ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறதோ அங்கே பிரசவம். அதைச் சொல்லித்தான் அடித்தேன். "சரிம்மா" என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

சுபத்ரா அறக்கட்டளை முன் பேசப்போவதை எனக்கும் எஸ்தருக்கும் பேசிக் காட்டினாள். எஸ்தர் எங்கள் செவிலியர். அலுவலகத்தில் இருந்தபடியே எல்லா ஆபத்துச் செய்திகளையும் கவனிப்பவள். நல்ல பெண்; பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் உண்டு.

"என் பொண்ணு பொறந்தப்ப நான் பெங்களூர்ல தனியா இருந்தேன்" என்று சுபத்ரா தொடங்கினாள். "வீட்டுக்காரருக்கு அப்ப வெளிநாட்டுல வேலை. முதல் நாப்பது நாள், பால் கட்டிக்கிட்டா யாரைக் கேக்குறது, குழந்தை அழுதா யாருக்குப் போன் பண்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பேன். அன்னைக்கு எனக்கு யாராவது போன் பண்ணியிருந்தா இந்தக் கம்பெனியே இருந்திருக்காது."

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நடை நன்று. உச்சரிப்பு நன்று. "வீட்டு விஷயம் சபைக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"சபைக்கு அதுதாம்மா புரியும்."

பெங்களூரில் அவளுக்குக் கிடைத்த வசதி இங்கே கிடைத்திருக்காது. தவிரவும், அந்த மாதம்தான் ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர்களின் மாநில மாநாடு திருச்சியில் நடந்தது. வரவேற்புக் குழுவுக்கு நான் தலைவர். பந்தியில் ஒரு குறை யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்.

மூவரும் வந்தார்கள். பால் பொங்கியது, கிழக்கே வழிந்தது. மாப்பிள்ளை மூன்று தடவை பொங்கல் போட்டுக்கொண்டார். சாயங்காலம் தங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கண்டோன்மெண்டில் இரண்டு அறை, காற்று வராது. இங்கே மாடியில் இரண்டு அறைகளும் என் கணவர் போனதிலிருந்து பூட்டியே கிடக்கின்றன. அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஜனவரி 20, திங்கள்

பாராட்டு ஒன்று. அரியலூர்ப் பக்கத்து இளைஞர் எஸ்தரிடம் சொன்னாராம்: "அந்த டீச்சரம்மா பேசுனா நான் கைலியை இறக்கிவிட்டு எழுந்து நின்னுடறேங்க. எம் பொண்டாட்டி சிரிக்கிறா." நான் டீச்சர் இல்லை என்று அவருக்குத் தெரிவிக்கச் சொன்னேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை சரி.

ஜனவரி 23, வியாழன்

தமயந்தி. இருபத்து மூன்று வயது, எட்டாம் மாதம், தலைப்பிரசவம். செவ்வாய்க்கிழமை அழைப்பில் தலைவலிக்கு ஒன்று, முக வீக்கத்துக்கு ஒன்று, கண் மங்கலுக்கு ஒன்று அழுத்தியிருக்கிறாள். மூன்றும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. செய்தி உடனே செவிலியருக்குப் போயிருக்கிறது. அவரும் அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்கிறார். எல்லாம் நாங்கள் அமைத்தபடியே.

ஆனால் அவர் போனது ஜெயங்கொண்டம் பக்கத்தில் கணவனின் ஊருக்கு. அங்கே மாமியார், "அவ அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாளே, வெள்ளிக்கெழம வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாராம். தாய்வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று செவிலியர் திரும்பிவிட்டார். தமயந்தி விராலிமலைப் பக்கத்தில் தாய்வீட்டில் ஒன்றரை நாள் காத்திருந்தாள். நேற்று இரவு வலிப்பு வந்து திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள். இரண்டு உயிரும் இருக்கின்றன. குழந்தை கண்ணாடிப் பெட்டியில்.

சுபத்ரா விடியற்காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

ஜனவரி 24, வெள்ளி

சுபத்ராவுக்கு மாற்றுப் புடவை கொண்டுபோகும் சாக்கில் நானும் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன். வார்டு வாசலில் நின்று, "தமயந்தி எந்தக் கட்டில்?" என்று கேட்டதும், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"அம்மா… நீங்க போன்ல பேசுறவங்கதானே?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தமயந்தியின் தாய்.

"நல்லவேள வந்தீங்க. 'பயப்படாதீர்கள், செவிலியர் வருவார், காத்திருங்கள்'னு சொன்னீங்கள்ல, அதான் நாங்க வண்டி புடிக்கல. மருமவன் போன்ல கத்துறாரு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு. நாந்தான் சொன்னேன், அந்தம்மா அவ்வளவு திருத்தமா சொல்லியிருக்காங்க, தப்பா இருக்காது, இருப்போம்னு. நர்ஸம்மா எந்தூருக்குப் போனாங்க?"

"மாப்பிள்ளை ஊருக்கு."

"அங்க எதுக்குப் போனாங்க? மார்கழியில எடுத்துச் செய்ய முடியாது, தை பொறந்ததும் வளையல் போட்டுக் கூட்டியாந்துட்டோம். தலப்பிரசவக்காரி தையில வேற எங்க இருப்பா? இது யாருக்கும்மா தெரியாது?"

கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆரஞ்சை வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜனவரி 25, சனி

அலுவலகத்தில் எல்லோரும். சுபத்ரா இரவெல்லாம் பட்டியலைப் பார்த்திருக்கிறாள். ஏழு மாதம் கடந்த பெண்களில் பெரும்பாலோர் பொங்கலுக்குப் பிறகு ஊர் மாறியிருக்கிறார்கள். மார்கழி முழுக்க ஒருத்தியும் மாறவில்லை. தை பிறந்த பத்து நாளில் நாங்கள் வைத்திருக்கும் முகவரிகளில் பாதி பொய்யாகிவிட்டன.

அறக்கட்டளைத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா போனில் வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தே ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"ஏம்மா சுபத்ரா, தமிழ்நாட்டுல கர்ப்பிணிங்களுக்குச் சேவை நடத்துறீங்க. பிரசவத்துக்கு எங்க போறேன்னு கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

எஸ்தர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். "இல்ல டாக்டர், முதல்ல அந்தக் கேள்வி…" என்று ஆரம்பித்தாள்.

"தோணலை டாக்டர்" என்றாள் சுபத்ரா. "என் தப்பு."

"இப்படி ஒரு தப்பு பண்றவங்ககிட்ட மூணு மாவட்டத்தை எப்படிக் குடுக்குறதுன்னு நானும் யோசிக்கணும். அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதி பாப்போம்."

நான் அப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடிக்கச் சற்று நேரமாயிற்று.

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போன பிறகு எஸ்தரைக் கூப்பிட்டேன். "அந்த ஹெட்போனை இங்க கொண்டா."

"எதுக்கு மேடம்?"

"நானூறு பேருக்கும் நான் பேசுறேன். யார் எங்கே இருக்காங்கன்னு முதல்ல நமக்குத் தெரியணும்."

"நீங்களே நேரடியாவா?"

"பின்னே, டேப்பா?"

சுபத்ரா மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. காப்பிக்கு உயிரை விடுகிறவள்.

ஜனவரி 29, புதன்

ட்ரங்க் எக்ஸ்சேஞ்ச் நாட்கள் திரும்பி வந்தன. முதுகு நேராக, பென்சில் கூராக, பக்கத்தில் வெந்நீர். ஒரு நம்பர் எடுக்கவில்லை என்றால் அடுத்தது; பிறகு மறுபடி முதல் நம்பர். எஸ்தர் பாதி, நான் பாதி என்று ஏற்பாடு. என் பாதி பெரிய பாதி.

ஒரு மாமியார்: "அவ போயிட்டா. போனை இங்கயே போட்டுட்டுப் போயிட்டா. வாராவாரம் நீங்க சொல்றத நான்தான் கேக்குறேன். இரும்புச்சத்து மாத்திரை கூட வாங்கித் தின்னேன், ஒடம்புக்கு நல்லாத்தான் இருக்கு."

தலைவலி, வீக்கம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தி வந்ததும் இவர்தான். மருமகள் பட்டுக்கோட்டையில். அந்த நம்பரை வாங்கினேன். மாத்திரையைத் தொடர்வதற்கு முன் டாக்டரைக் கேட்கச் சொன்னேன்.

இன்னொருத்தி கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிரசவத்துக்கு எங்கே இருப்பாய் என்றால், "அது அவரு வந்து கூப்புடறதப் பொறுத்துங்க" என்கிறாள். இதை எந்தப் பொத்தானில் அழுத்துவது?

பிப்ரவரி 3, திங்கள்

தமயந்தியின் குழந்தை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. பெண். எஸ்தர் சாக்லெட் கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை இல்லை, இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பெரம்பலூர் அருகே ஒரு பெண். ஒன்பதாம் மாதம். காதல் கல்யாணமாம். கணவன் லாரியில் போய்விட்டால் வாரக்கணக்கில் வரமாட்டான். பக்கத்தில் யாரும் இல்லை.

"அம்மா வீடு எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"இதே ஊருதாங்க. ரெண்டு தெரு தள்ளி."

"பிறகென்ன? அங்கே போய் இருக்கலாமே."

"எங்கம்மா கூப்புடலைங்க மேடம். நானா எப்படிப் போறது?"

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை.

அந்த ஊர்ச் செவிலியரிடம் சொல்லி நாள்தோறும் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தேன். தாயாரின் நம்பரையும் வாங்கி நானே பேசினேன். என்ன பேசினேன் என்பது எழுத வேண்டியதில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். "அம்மா வந்திருக்காங்க மேடம், பாத்திரமெல்லாம் சரியில்லைன்னு திட்டிக்கிட்டிருக்காங்க" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

வேலைக்காரி வரவில்லை. நானே பெருக்கினேன். மாடிப்படி வரைக்கும்.

பிப்ரவரி 12, புதன்

நானூறு பேரும் முடிந்தது. ஒருவர் பாக்கியில்லை. சுபத்ராவிடம் பட்டியலைக் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, "அம்மா, அம்மா வீடுன்னு மட்டும் கேட்டாப் பத்தாது. அம்மா இல்லாதவங்க இருக்காங்க. அக்கா வீடு, அத்தை வீடு, மாமியாரே அம்மா மாதிரின்னு சொல்றவங்க இருக்காங்க. எங்க இருக்கப்போறீங்க, யாரு பாத்துக்குவாங்க. ரெண்டையும் கேப்போம்" என்றாள்.

"இரண்டு நிமிடத்தைத் தாண்டும்."

"தாண்டட்டும். வேற எதையாவது அடி."

வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் அலுவலகப் படிக்கட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "தூக்கம் பத்தலம்மா, தலை சுத்துது" என்றாள். ஸ்கூட்டரை விட்டுவிட்டு இப்போதெல்லாம் ஆட்டோவில் வருகிறாள். வேலைப் பளு. நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

புதிய கேள்வியைப் பதிவு செய்தோம். "பிரசவத்துக்கு எங்கே இருக்கப் போகிறீர்கள்? இப்போது இருக்கும் வீடு என்றால் ஒன்றை அழுத்துங்கள். அம்மா வீடு என்றால் இரண்டு. வேறு வீடு என்றால் மூன்று." பிறகு, "அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை, ஒலி கேட்ட பிறகு சொல்லுங்கள்."

ஒரே தடவையில் அமையவில்லை. 'அம்மா வீடு' என்ற இடத்தில் குரல் கரகரத்தது. மறுபடி. மறுபடியும். எஸ்தர், "நாளைக்கு எடுத்துக்கலாம் மேடம்" என்றாள். நாளை என்ற பேச்சே என்னிடம் கிடையாது. எத்தனையாவது தடவையிலோ சரியாக வந்தது.

தொண்டையில் கோழை. இரவு மிளகுப் பால் குடித்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலை பத்தரைக்கு அறக்கட்டளை அலுவலகம். நீள மேசை, ஐந்து பேர், நடுவில் டாக்டர் மெஹருன்னிசா. வெள்ளைச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

சுபத்ரா பேசினாள். நாற்பது நாள் கதையைச் சொல்லவில்லை. தமயந்தியின் கதையிலிருந்து ஆரம்பித்தாள். என்ன நடந்தது, எங்கே தவறியது, அதன் பிறகு என்ன செய்தோம் என்று மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

டாக்டர் மறுபடி அங்கேயே வந்தார். "எல்லாம் சரி. ஆனா அந்த முதல் தப்பு எனக்கு இன்னும் உறுத்துது. ஒரு பொம்பளைக்கு, பிள்ளை பெத்தவளுக்கு, இது தோணலைன்னா எப்படி?"

"என் கவனக்குறைவுதான் டாக்டர்."

இரண்டாம் தடவையாக ஒரு தவறான வாக்கியத்தைத் திருத்தாமல் விட என்னால் முடியாது. எழுந்தேன்.

"மன்னிக்கணும். அது தகவல் பிழை. அவளுக்குத் தோணிச்சு. அவள் எழுதின முதல் பட்டியல்லயே அந்தக் கேள்வி இருந்தது. அதை நீக்கினது நான்."

"அம்மா, உக்காரு" என்றாள் சுபத்ரா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"அழைப்புல வர்ற குரல் என்னுடையது. மொழியைத் திருத்துறதும் நான்தான். நேரம் குறையணும்னு நீக்கினேன். நேரம் குறையணும்கிறது சரி. நீக்கினது தப்பு. நூறு கேள்வியில எது வேண்டாதது என்று தீர்மானிக்கிற இடத்தில் இனிமே நான் இருக்க மாட்டேன். படிக்கிறது மட்டும்தான் என் வேலை. இதை இங்கே சொல்லாம விட்டா, தப்பான ஆளை எடை போட்டுட்டு நீங்க முடிவெடுப்பீங்க."

டாக்டர் சுபத்ராவைப் பார்த்தார். "அப்ப ஏன் சொல்லலை?"

"கம்பெனி என்னோடது டாக்டர். யாரு அடிச்சாலும், சரின்னு சொன்னது நான்."

"அம்மா சொன்னா சரின்னுடுவீங்களா?"

"மத்ததுக்கெல்லாம் சண்டை போடுவேன்" என்றாள். "அந்த ஒரு கேள்விக்குப் போட முடியலை."

ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

பிறகு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. "சரி, இதைத் திருத்திட்டீங்க. அடுத்த தப்பு எங்கேயிருந்து வரும்?"

"தெரியாது டாக்டர்" என்றாள் என் மகள். மேசையை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். "ஆனா எங்கேயிருந்து வந்தாலும் இனிமே ஒரு பொண்ணு அதுக்காகக் காத்திருக்க மாட்டா. 'செவிலியர் வருவார்'ங்கிற வாக்கியத்தையே எடுத்துட்டோம். ஆபத்துன்னு பதில் வந்தா முதல்ல 'ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க'ன்னுதான் குரல் சொல்லும். அதுக்கப்புறம்தான் செவிலியரைக் கூப்பிடும். அவங்க அந்தப் பொண்ணை நேர்ல பாத்துட்டேன்னு அழுத்தணும். அழுத்தலைன்னா எஸ்தருக்கு வரும். எஸ்தர் எடுக்கலைன்னா எனக்கு வரும். பாத்தாச்சுன்னு பதில் வர்ற வரைக்கும் எங்க சிஸ்டம் போனை வைக்காது."

தண்ணீர் கொண்டுவந்தவர் கூட நின்று கேட்டார். என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை; முப்பது ஆண்டுகளுக்கு முன் இவளிடம் எங்கள் எக்ஸ்சேஞ்சைக் கொடுத்திருக்கலாம்.

திரும்பும்போது ஆட்டோவில், தில்லைநகர் திருப்பத்தில், "மானத்தை வாங்கிட்டம்மா" என்றாள்.

"யார் மானத்தை?"

அவள் தலை சற்று என் தோளில் சாய்ந்திருந்தது. மயக்கமாக இருந்திருக்கலாம்.

மார்ச் 5, புதன்

கடிதம் வந்தது. மூன்று மாவட்டம் கேட்டோம்; ஓராண்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை. ஓராண்டு முடிவில் மற்ற இரண்டையும் பரிசீலிப்பார்களாம். கம்பெனி நிற்கும். எஸ்தர் அலுவலகத்தில் விசில் அடித்தாள். கான்வென்ட்டாக இருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பார்கள். நான் விட்டுவிட்டேன்.

பெங்களூர்ப் பேச்சு இனி இல்லை.

மார்ச் 8, சனி

தச்சர் வந்தார். மாடி அறை ஜன்னல்களுக்குக் கொசுவலை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. என் கணவரின் இரும்பு பீரோவைக் கீழே இறக்கியாயிற்று. சுண்ணாம்பு அடிக்கும் ஆளுக்கு வெளிர்மஞ்சள் என்றால் என்னவென்றே தெரியவில்லை. இரண்டு தடவை அடிக்க வைத்தேன்.

சாயங்காலம் சுபத்ரா வந்து பார்த்தாள். "என்னம்மா இது, மாடியெல்லாம் தொறந்து கெடக்கு?"

"காற்றோட்டத்துக்கு."

"குளியலறையில கம்பி?"

"வயசாகுது இல்லையா."

"நீ மாடிக்கு ஏறி ஆறு வருஷம் ஆச்சு."

"இனிமே ஏறுவேன்."

கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உறுதியாக இருக்கிறது. நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளையும் பேத்தியும் கூடத்தில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் நானும் சுபத்ராவும். புதுக்கோட்டைக்கு நாளை முதல் அழைப்புகள் போகின்றன. அதற்கான கடைசிச் சோதனை என்று சிவப்பு ரப்பர் பேண்ட் போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தாள்.

மணி அடித்தது. அந்தப் போன் இல்லை. அது சும்மா கிடந்தது. அடித்தது அவளுடைய சொந்தப் போன்.

ஒலிபெருக்கியில் போட்டாள். என் குரல், என் சாப்பாட்டு மேசையில்: "வணக்கம். உடனிரு சேவையில் பதிவு செய்துகொண்டதற்கு நன்றி. இது உங்களுக்கு எத்தனையாவது மாதம்? அந்த எண்ணை அழுத்துங்கள்."

நான்கை அழுத்தினாள். தலை நிமிரவில்லை.

ஜனவரியிலிருந்து எனக்குத் தெரியும். ஆறிப்போன காப்பியிலிருந்து. ஆனாலும் கையிலிருந்த கரண்டியை ரசத்திலேயே விட்டுவிட்டேன்.

"பிரசவத்துக்கு எங்கே இருக்கப் போகிறீர்கள்? இப்போது இருக்கும் வீடு என்றால் ஒன்றை அழுத்துங்கள். அம்மா வீடு என்றால் இரண்டு…"

அவள் விரல் போனின் மேலே நின்றது. அழுத்தவில்லை. என்னைப் பார்த்தாள். முதல் பிரசவத்துக்குத்தான் தாய்வீடு, இரண்டாவதுக்கு வரும் வழக்கமில்லை என்பார்கள். வழக்கத்தை நான் எப்போது பார்த்திருக்கிறேன்?

"இங்க வந்து இரு, சுபத்ரா" என்றேன். "நான் கூப்பிடுறேன்."

இரண்டை அழுத்தினாள்.

"அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை, ஒலி கேட்ட பிறகு சொல்லுங்கள்."

போனை என் பக்கம் நீட்டினாள். ஒலி வரும்வரை பொறுத்திருந்தேன்.

"கோமளவல்லி" என்றேன்.

கடைசி எழுத்தை விழுங்கவில்லை. ஒரே தடவையில் பதிவாகிவிட்டது.